கரீபியனில் குடும்பத்தோடு பாய்மரப் படகுப் பயணம்: நம்மவர் அனுபவங்கள்

முதல் பகிர்வு (நியூஜெர்சியிலிருந்து)

2023 பிப்ரவரியில் நாங்கள் ஏழு பேர் பிரித்தானிய வர்ஜின் தீவுகளில் 45 அடி நீளமுள்ள ஒரு கேட்டமரானை (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகை) ஏழு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்தோம். நானும் மனைவியும், பன்னிரண்டும் எட்டும் வயதான பிள்ளைகள் இருவரும், அண்ணனும் அண்ணியும், அறுபத்தேழு வயதான அம்மாவும். எங்களில் ஒருவருக்கும் பாய் ஏற்றத் தெரியாது; அண்ணனுக்கு நீச்சலே தெரியாது. படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே பரவலாக உண்டு என்றாலும், அது பாய்மர அனுபவம் உள்ளவர்களுக்கானது. ஆகையால் நாள் கூலிக்கு ஒரு கேப்டனையும் சேர்த்தே எடுத்தோம். டோர்டோலா தீவிலேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி அவர். அந்தக் கூலி முதலில் எங்களுக்குக் கசந்தது. மூன்றாம் நாள் இரவுக்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனுபவமில்லாத குடும்பங்களுக்கு இந்தத் தீவுகளைப் பலர் பரிந்துரைப்பதற்குக் காரணம் அவற்றின் அமைப்புதான். வடக்கே டோர்டோலா நீண்டு கிடக்க, தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் என்று சிறு தீவுகள் வரிசையாக நிற்க, நடுவில் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் ஓரளவு அடங்கிய கடலாக அமைந்திருக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் ஓர் அடி அளவுதான். காற்று மட்டும் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. நம் மொழியில் சொன்னால் ஓயாத கொண்டல். ஆகையால் கிழக்கே போவது காற்றோடு மல்லுக்கட்டுவது, மேற்கே திரும்புவது சும்மா உட்கார்ந்து வருவது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல், வீட்டில் வரைபடத்தை விரித்து வைத்து, நாளுக்கு இரண்டு தீவு என்று நான் போட்டிருந்த திட்டத்தைக் கேப்டன் முதல் நாளே மடித்து வைக்கச் சொல்லிவிட்டார்.

டோர்டோலாவில் உள்ள ரோடு டவுனிலிருந்து நார்மன் தீவுக்கு ஆறு கடல்மைல்தான் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் இருவரும் அண்ணியும் வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டார்கள். உள்ளே போய்ப் படுத்தால் சரியாகும் என்று நாங்கள் நினைத்ததுதான் தவறு. மேல்தளத்தில் காற்றுப்பட உட்கார்ந்து தொலைவில் தெரியும் கரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தலைசுற்றல் குறைகிறது, கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு மிகுகிறது. அம்மாவுக்கு எதுவும் செய்யவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்து, கையில் இருந்த இஞ்சி மரப்பாவைப் பேரப்பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

அங்கே ஒவ்வொரு நாளையும் தீர்மானிப்பது மூரிங் மிதவை. விரிகுடாக்களில் கடலடியில் பிணைக்கப்பட்ட மிதவைகள் இருக்கின்றன. அவற்றின் கயிற்றில் படகைக் கட்டிவிட்டால் நங்கூரம் போடும் கவலை இல்லை, கடலடியில் உள்ள பவளத்துக்கும் கேடு இல்லை. பல மிதவைகள் முதலில் வருபவருக்கே உரியவை. சிலவற்றை மட்டும் அன்று காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் முன்பதிவு செய்யலாம். காபிக் கோப்பையும் கைப்பேசியுமாகக் கேப்டன் ஏழு அடிக்கக் காத்திருந்ததைப் பார்த்தபோது எங்களுக்குத் தட்கல் பயணச்சீட்டுதான் நினைவுக்கு வந்தது. முன்பதிவு கிடைக்காத நாள்களில் பகல் ஒரு மணிக்குள் விரிகுடாவுக்குள் நுழைந்துவிட வேண்டும். அதாவது, சுற்றிப் பார்ப்பதற்கு நமக்குக் கிடைப்பது காலைப் பொழுது மட்டுமே.

மூன்றாம் நாள் இரவு கூப்பர் தீவின் மேற்குப் பக்கம் கட்டியிருந்தோம். மிதவை கிடைக்காமல் இருட்டும் நேரத்தில் வந்த ஒரு படகு எங்களுக்கு முன்னால் நங்கூரம் போட்டது. நள்ளிரவு தாண்டி ஒரு மழைக்காற்று இறங்கியது. பத்து நிமிடந்தான்; ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் முன்னால் இருந்த படகின் நங்கூரம் பிடி விட்டு, படகு பின்பக்கமாக எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. நான் கண் விழித்து மேலே வருவதற்குள் கேப்டன் எஞ்சினை இயக்கி, டார்ச் விளக்கை அந்தப் படகின் மேல் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார். ரப்பர் தடுப்புகளை எங்கே தொங்கவிட வேண்டும் என்று அண்ணனுக்கும் எனக்கும் அதே மூச்சில் கட்டளை வந்தது. இரண்டு கை தூரத்தில் அது விலகிப் போயிற்று. நங்கூரம் போட்டால் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டுமாம். அவர்கள் அதில் பாதிகூட விடவில்லை என்று விடிந்தபின் கேப்டன் சொன்னார். அன்று அவர் உறங்கவே இல்லை என்பதும் விடிந்தபின்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கடலின் குணத்தை அதற்கு முந்தைய பகலில் சால்ட் தீவருகே வேறு விதமாகப் பார்த்திருந்தோம். 1867 அக்டோபர் 29 அன்று வீசிய சூறாவளியில் ஆர்.எம்.எஸ். ரோன் என்ற அஞ்சல் கப்பல் அங்கேதான் பாறையில் மோதி, கொதிகலன் வெடித்து, இரண்டாகப் பிளந்து மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால், முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் அணிந்து மேலே மிதந்தபடியே என் மகளால் அதன் சுழலியைப் பார்க்க முடிந்தது. புயல் கடந்துவிட்டது என்று நம்பித்தான் அந்தக் கப்பல் திறந்த கடலை நோக்கிப் புறப்பட்டது என்பதைக் கேப்டன் சொன்னபோது அவர் குரலில் கதை சொல்லும் சுவை இல்லை. 2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியாக இர்மா வந்தபோது அவருடைய வீட்டுக் கூரையும் நடுவில் ஒரு முறை அமைதியாயிற்று என்று நம்பிய வேளையில்தான் பறந்ததாம்.

தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் தொட்டியின் கொள்ளளவு 700 லிட்டர். எட்டுப் பேருக்கு அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று படகைக் கொடுத்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய அம்மா முதல் நாளே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவது. கடலில் குளித்துவிட்டு ஆளுக்கு அரை வாளியில் உப்பைக் கழுவுவது. அமெரிக்காவில் பிறந்த என் பிள்ளைகள் தண்ணீரை அளந்து செலவிட்டதை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். நான்காம் நாள் வர்ஜின் கோர்டா தீவின் ஸ்பேனிஷ் டவுன் துறையில் நிரப்பும்வரை தொட்டி வற்றவில்லை. சைவச் சமையலுக்குத் துவரம்பருப்பும் ரசப்பொடியும் கொண்டுபோயிருந்தோம்; அரிசியும் காய்கறியும் ரோடு டவுனிலேயே கிடைத்தன. ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து கப்பலில் வருவதால் விலை கூடுதல்.

வர்ஜின் கோர்டாவில் உள்ள பாத்ஸ் என்ற இடத்துக்காகத்தான் பலர் இந்தப் பயணமே வருகிறார்கள். யானைகளை அடுக்கி வைத்ததுபோல் பெரும் கருங்கற்பாறைகள் கடலோரம் சாய்ந்து கிடக்க, இடுக்குகளில் கடல்நீர் குளம்போல் தேங்கி நிற்கும். நாங்கள் போன அன்று வடக்கிலிருந்து பேரலை வந்ததால் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள், திரும்பிவிட்டோம். மறுநாள் அலை தணிந்தது. ஆனால் சிறுபடகைக் கரையில் ஏற்ற அனுமதி இல்லை, வெளியே கயிற்றில் கட்டிவிட்டு நீந்தித்தான் கரையேற வேண்டும். நீச்சல் தெரியாத அண்ணனும் அம்மாவும் ஸ்பேனிஷ் டவுனிலிருந்து வாடகைக் காரில் மேல்வாசலுக்குப் போய், அங்கிருந்து பாதை வழியாக இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். முதியவர்களை அழைத்து வருவோர் இந்த வழியை முதலிலேயே திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அனெகாடாவுக்குப் போகவில்லை. அது பவளத்தால் ஆன தட்டையான தீவு. அருகில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. அதன் தென்கிழக்கே 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு நீருக்கடியில் கிடக்கிறது. காற்று மணிக்கு 25 கடல்மைல் வேகத்தைத் தாண்டியதும் கேப்டன் வேண்டாம் என்றார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஆறாம் நாள்: வடக்குக் கரையோரமாக ஜோஸ்ட் வான் டைக் தீவுவரை காற்று முதுகில் தள்ள, எஞ்சின் சத்தமே இல்லாமல் வந்தோம். அண்ணன் அன்று சுக்கானைப் பிடித்தார். இன்றுவரை அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் பகிர்வு (பாரிசிலிருந்து)

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் புதுச்சேரிக் குடும்பம். 2019 ஏப்ரலில், பிரான்சுக்கு உரிய குவாதலூப்பின் புவாந்தா பித்ர் துறையில் படகெடுத்து லெ செந்த் தீவுகளுக்குப் போனோம். அங்கே கடல் டிரேக் கால்வாயைப்போல் அடங்கியதல்ல. அட்லாண்டிக்கின் அலை தடையின்றி வருவதால் பெரிய தீவின் நிழலை விட்டு வெளியே வந்ததும் படகு உருளத் தொடங்கிவிடும். பாயைச் சுருக்கித்தான் ஓட்டினோம். தெர்ர தெ ஓ தீவின் விரிகுடாவுக்குள் நுழைந்தபின் எல்லாம் மறந்துபோயிற்று. கரும்புக்கு ஏற்ற மண் இல்லாததால் அந்தச் சிறு தீவில் தோட்டங்கள் வளரவில்லை. பிரான்சின் வடமேற்குக் கரையிலிருந்து வந்த மீனவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் அங்கே மிகுதி. தேங்காய்ப் பூரணம் வைத்த சிறு பணியாரம் ஒன்றைப் படகுத்துறையில் கூடையில் வைத்து விற்கிறார்கள். என் மனைவி அதை நம்மூர்ச் சோமாசியின் ஒன்றுவிட்ட தங்கை என்றார்.

நான் சொல்ல வந்தது கடலைப் பற்றியல்ல. படகைத் திருப்பிக் கொடுத்தபின் கார் எடுத்துக்கொண்டு கப்பெஸ்தேர் ஊர் வழியாகப் போனோம். சாலையோரத்தில் கோபுரமும் வண்ணச் சிலைகளுமாக ஒரு கோயில் நின்றது. 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் குவாதலூப்பில் இறங்கினார்கள். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களில் மிகுதி. இதைப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

கோயிலில் இருந்த பெரியவர் கிரியோல் என்ற உள்ளூர் மொழியும் பிரெஞ்சும்தான் பேசினார். நாங்கள் புதுச்சேரி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். மாரியம்மனை அங்கே மாலியேமேன் என்கிறார்கள். அவர் பாடிக் காட்டிய தமிழ்ப் பாட்டின் பொருள் அவருக்குத் தெரியாது. தாத்தாவிடமிருந்து காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. எங்களுக்கும் பாதிதான் புரிந்தது. எனினும் ஒரு சொல் தெளிவாகக் கேட்டது: நாகூர்மீரா. கடலில் கப்பலைக் காத்தவர் என்று நாகூர் ஆண்டவருக்கு அங்கே கொடிமரம் நட்டுக் கொடியேற்றி வணங்குகிறார்கள். வழிபடுவோர் இந்துக்கள், அவர் இஸ்லாமியப் பெரியார் என்பது அங்கே ஒரு கேள்வியாகவே எழவில்லை. சற்றுமுன் வாடகைப் படகில் மூன்று மணி நேரம் அலையில் உருண்டு வாந்தி எடுத்ததைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த என் மகன், அவர்கள் எத்தனை நாள் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டான். மூன்று மாதம் என்று பெரியவர் விரல்களைக் காட்டினார்.

மதிய உணவுக்குக் கொலொம்போ என்ற குழம்பு வாங்கிச் சாப்பிட்டோம். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் நாக்கில் தெரிந்தன. காரம் மட்டும் இல்லை.

மூன்றாம் பகிர்வு (லண்டனிலிருந்து)

சுருக்கமாக எழுதுகிறேன். 2022இல் செயின்ட் வின்சென்டுக்குத் தெற்கே உள்ள கிரெனடீன்ஸ் தீவுகளுக்குப் போனோம். டொபேகோ கேஸ் கடல் பூங்காவில் படகைக் கட்டிய கால் மணி நேரத்தில் சிறுபடகில் விற்பனையாளர்கள் வந்து, ரொட்டி, வாழைப்பழம், பனிக்கட்டி, கரையில் சிங்கி இறால் விருந்து என்று கேட்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாங்கள் சைவம் என்றதும் ஒருவர் போய், மறுநாள் காலை சுட்ட சீமைப்பலாவோடு வந்தார். செயின்ட் வின்சென்டுக்கு 1793இல் கேப்டன் பிளை கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மரம் அது. அடிமைகளுக்கு மலிவான உணவாக வேண்டும் என்பதே நோக்கம். யாழ்ப்பாணத்து மாமி அதில் பால்கறி வைத்தார். அந்த மனிதரும் ஒரு தட்டு வாங்கிப் போனார். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அங்குள்ள யூனியன் தீவையும் கரியாகூவையும் சிதைத்துவிட்டது. இப்போது திட்டமிடுவோர் துறைகளின் நிலையை விசாரித்துவிட்டுப் போங்கள். ஜூன் முதல் நவம்பர்வரை வாடகை குறைவாக இருப்பதன் காரணமும் அந்தச் சூறாவளிப் பருவம்தான்.

முதல் பகிர்வாளரின் பதில்

கழிப்பறை பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். குழாய் மிகவும் குறுகியது. தின்று செரித்ததைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக்கூடாது, காகிதத்துக்குத் தனிப் பை. எங்கள் படகில் இரண்டாம் நாளே ஒன்று அடைத்துக்கொண்டது. யார் காரணம் என்று இன்னும் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. சரி செய்தது நானும் அண்ணனும்தான், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.