அப்டேட் போட்டேன், வைஃபை காணோம்: கெர்னலைப் பூட்டுவதா, டிரைவரை மாற்றுவதா?

பென்னாகரம் ரோட்டுக்காரன்: தர்மபுரியில் சின்ன ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, தேர்வு விண்ணப்பம் எல்லாமே ஒரே லேப்டாப்பில்தான். உபுண்டு 22.04 (லினக்ஸ்). பல மாதமாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டை நேற்று ராத்திரி போட்டேன். காலையில் பார்த்தால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.15 போய் 6.8 வந்திருக்கிறது, வைஃபை ஐகானே இல்லை. வாசலில் ஆறு பேர். இப்போதைக்கு போனை ஒயரில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கில் ஓட்டுகிறேன். வைஃபை கார்டு ஆர்டிஎல்8821சிஇ. உபுண்டு 20.04 காலத்தில் டிகேஎம்எஸ்ஸில் (கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரைத் தானே மறுபடி கட்டும் கருவி) போட்ட டிரைவர்.

பாலக்கோடு தக்காளி: கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய 5.15-ஐத் தேர்ந்தெடுங்க. வைஃபை வந்ததும் இனி மாறாதபடி கெர்னலுக்கு ஹோல்டு போட்டுடுங்க. கடை கம்ப்யூட்டர் என்ன ஆராய்ச்சிக்கூடமா?

பர்கூர் பையன்: அண்ணா, இன்றைக்குத் தப்பிக்கலாம், அவ்வளவுதான். கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். டிகேஎம்எஸ் பழைய கோடை மறுபடி கம்பைல் மட்டும்தான் செய்யும், திருத்தாது. புது கெர்னலில் கம்பைல் தோற்றால் டிரைவர் கிடையாது. 20.04-இல் இருந்த 5.4 கெர்னலுக்கு இந்தச் சிப் தெரியாது, அதனால் அன்றைக்கு வெளி டிரைவர் தேவைப்பட்டது. 2020-இல் வந்த 5.9-இலிருந்து ஆர்டிடபிள்யூ88 என்று இதற்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏற்காத பாதுகாப்பு) வசதிக்காகத் தனியாகக் கையொப்பம் போடும் தொல்லையும் இல்லை. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -என்என்கே (கார்டையும் அதன் டிரைவரையும் காட்டும் கட்டளை) அடித்து என்ன வருகிறது, சொல்லுங்க.

கிருஷ்ணகிரி மல்கோவா: வேறு எம்.2 வைஃபை கார்டு வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது.

பர்கூர் பையன்: எடுத்ததும் திருப்புளியோடு வராதீங்க. சில லேப்டாப் பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) வேறு கார்டை ஏற்கவே ஏற்காது.

பென்னாகரம் ரோட்டுக்காரன்: "கெர்னல் மாட்யூல்ஸ்: ஆர்டிடபிள்யூ88_8821சிஇ" என்று வருகிறது. "டிரைவர் இன் யூஸ்" வரியே இல்லை.

பர்கூர் பையன்: அப்படியென்றால் டிரைவர் இருக்கிறது, யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். மாட்ப்ரோப்.டி ஃபோல்டரில் (டிரைவர் அமைப்புகள் இருக்கும் இடம்) பிளாக்லிஸ்ட் வரி, அதாவது இந்த டிரைவரை ஏற்றாதே என்ற வரி, ஏதாவது இருக்கா?

பென்னாகரம் ரோட்டுக்காரன்: இருக்கு. நானேதான் எழுதியிருக்கிறேன், 2021-இல். ரெண்டு டிரைவரும் முட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ படித்துப் போட்டது.

பாலக்கோடு தக்காளி: சரி, தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்த உள் டிரைவரை நானும் ஓட்டியிருக்கிறேன், அடிக்கடி அறுந்து போகும். அதோடு 22.04-இன் 5.15-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வருமே, 6.8-க்கு என்ன அவசரம்?

பர்கூர் பையன்: நியாயமான கேள்வி. 5.15 வரிசையிலேயே இருக்கலாம், தப்பில்லை. ஹோல்டு போட்டால்தான் அந்தத் திருத்தமும் வராமல் நின்றுவிடும். ஜனங்களின் ஆதார் எண் தட்டும் மெஷின் அண்ணா அது! 5.15-இலும் இதே உள் டிரைவர் உண்டு, ஆக எந்தப் பக்கம் போனாலும் அந்த பிளாக்லிஸ்ட் வரி போகணும். அறுந்து போவது பெரும்பாலும் மின்சேமிப்பால். அந்த மின்சேமிப்பை நிறுத்த ஆர்டிடபிள்யூ88_பிசிஐ-க்கு டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்=1 கொடுத்துப் பாருங்க.

பென்னாகரம் ரோட்டுக்காரன்: வரியை எடுத்தேன், டிகேஎம்எஸ் டிரைவரையும் நீக்கினேன். ரீபூட் ஆனதும் வைஃபை வந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் ஒரு தடவை அறுந்தது, அண்ணன் சொன்ன மாதிரியே. தம்பி சொன்ன ஏஎஸ்பிஎம் வரியைப் போட்டபின் மதியத்திலிருந்து நிற்கிறது. பழைய 5.15-ஐ மட்டும் அழிக்கவில்லை. தக்காளி அண்ணனுக்காக கிரப்பில் விட்டுவைத்திருக்கிறேன்.