பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குத் 'தலையுருளை': ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பிரேக் பெடலை மிதிக்கும்போது திரவத்தை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் உறுப்பே மாஸ்டர் சிலிண்டர். பழைய காரில் அதை வீட்டிலேயே மாற்றுவோருக்கான நம் கையேட்டில், அதற்கு 'முதன்மை உருளை' என்ற சொல்லை ஆளலாம் எனக் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிரேக் திரவம் தனித்தனியான இரண்டு குழாய்ச் சுற்றுகளில் செல்லும் கார்களில் அந்த உறுப்பின் ஒரே துளைக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பெடலின் தள்ளுகோலை ஒட்டியிருப்பதை முதன்மைப் பிஸ்டன் என்றும், அதற்கு அப்பால் இருப்பதை இரண்டாம் பிஸ்டன் என்றும்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு சுற்றில் திரவம் முழுவதும் கசிந்துவிட்டாலும் மற்றச் சுற்று வண்டியை நிறுத்துவது இந்த ஏற்பாட்டினால்தான். 'முதன்மை உருளையின் முதன்மைப் பிஸ்டன் ரப்பர்' என்று எழுதினால், கையில் ஸ்பானருடன் நிற்பவர் எதைக் கழற்றுவார்?

'தலைமை உருளை' என்பதும் எனக்கு நிறைவளிக்கவில்லை. திரவத்தால் இயங்கும் கிளட்சிலும் பெடல் பக்கம் ஒரு மாஸ்டர் சிலிண்டரும் மறுமுனையில் இன்னொரு சிலிண்டருமாக ஓர் இணை உண்டு. பட்டறைகளில் அந்த மறுமுனைச் சிலிண்டரைச் சிலேவ் (அடிமை) சிலிண்டர் என்கிறார்கள். தலைமை என்று தொடங்கினால் அடுத்ததை 'அடிமை உருளை' என்று பெயர்க்கும் நிலைக்கு வந்துவிடுவோம். அந்தச் சொல் நம் கையேட்டில் இடம்பெறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நம் கீழ்பவானிப் பாசனப் பகுதியில் தலைமடை, கடைமடை என்பவை இன்றும் அன்றாடப் பேச்சில் உள்ள சொற்கள். தலைமடையில் திறக்கும் நீர் கடைமடை வரை செல்வதுபோல, காலின் அழுத்தத்தைத் திரவம் இந்த உறுப்பிலிருந்து கடைசிச் சக்கரம் வரை கொண்டுசெல்கிறது. ஆகவே மாஸ்டர் சிலிண்டரைத் 'தலையுருளை' என்றும், கிளட்சின் மறுமுனையைக் 'கடையுருளை' என்றும், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைச் 'சக்கர உருளை' என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை 'உருளைத்தலை' என்று எழுதுவோர் இருப்பதால் குழப்பம் நேரும் என்று மறுப்பு எழக்கூடும். அது நியாயமான மறுப்பு. எனவே தனியாக எழுதாமல், 'பிரேக் தலையுருளை', 'கிளட்ச் தலையுருளை' என்று எப்போதும் அடைமொழியுடனேயே எழுத வேண்டும். பிரேக் என்பதை அப்படியே வைத்திருப்பது என் விருப்பம், ஏனெனில் 'தடை' என்றால் சாலையில் உள்ள வேகத்தடைதான் நம் மக்களுக்கு நினைவுக்கு வரும்.

அடுத்து, பிரேக் திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றும் 'பிளீடிங்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கோவைப் பட்டறைகளில் 'ஏர் எடுக்கறது' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். 'காற்றெடுத்தல்' என்று எழுதினால் போதும். தலையுருளையைப் பொருத்தும் முன்னர் வைஸ் என்ற பிடிகருவியில் பிடித்து ஒருமுறையும், பொருத்திய பின்னர் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றெடுக்க வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் நம் பழைய கார்கள் பலவற்றில், மிகத் தொலைவில் உள்ள பின் இடது சக்கரத்தில்தான் தொடங்குவார்கள். ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே சுற்றில் இருக்குமாறு சுற்றுகள் குறுக்காகப் பிரிந்துள்ள கார்களில் வரிசை மாறும் என்பதால் அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்க்குமாறு ஒரு வரி சேர்த்தாக வேண்டும்.

இவை அனைத்தையும்விட நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. பட்டறை வழக்கில் பிரேக் ஆயில் என்பதால், நாமும் 'பிரேக் எண்ணெய்' என்று எழுதிவிடக் கூடாது. டாட் 3, டாட் 4 என்ற பிரேக் திரவ வகைகள், எண்ணெய் அல்லாத கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்தவை. அவற்றுக்கேற்ப, பிஸ்டனைச் சுற்றித் திரவம் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்புகளில் எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். வீட்டில் வேலை செய்பவர் எண்ணெய் என்ற சொல்லை நம்பி, மீதமிருக்கும் எஞ்சின் ஆயிலைத் தொட்டியில் ஊற்றினால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் பழுதாகும். 'பிரேக் திரவம்' என்ற சொல்லையே கையேடு முழுவதும் ஆள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.