புதுப்பிப்பு: 1972 எம்ஜிபி-க்கு எந்த ஆயில்?

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி-க்கு மெல்லிய 5டபிள்யூ-30 சிந்தெடிக் இன்ஜின் ஆயிலா, பழையபடி கெட்டியான 20டபிள்யூ-50 மினரலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 20டபிள்யூ-50தான் ஊற்றினேன். வித்தியாசம் ஆயில் பிரஷர் மீட்டரிலேயே தெரிகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் சிக்னலில் நின்றால் 10 பிஎஸ்ஐ வரை இறங்கிய முள், இப்போது 20-க்குக் கீழே போவதில்லை.

"புது ஆயில்களில் துத்தநாகம் குறைவு, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேய்ந்துவிடும்" என்று சிலர் எச்சரித்தீர்கள். நியாயமான பயம். இந்த 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினில் (நம் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான்) டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) நேரடியாகக் கேம் மேல் உரசி ஓடுகிறது. அந்த இடத்தைக் காப்பது இசட்டிடிபி என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். ஆனால் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) வகுத்த எஸ்எம், எஸ்என் ஆயில் தரங்களில் பாஸ்பரஸுக்குள்ள 0.08% வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான், 20டபிள்யூ-50-க்குக் கிடையாது. எனவே டப்பாவில் எஸ்என் என்று போட்டிருந்தாலே ஒதுக்கிவிட வேண்டாம். டேட்டா ஷீட்டில் பாஸ்பரஸ் அளவைப் பாருங்கள். நான் வாங்கியதில் 0.1%-க்கு மேல் இருக்கிறது.

அப்புறம், தனி துத்தநாக பாட்டில் எதுவும் சேர்க்கவில்லை. அளவு மீறினால் அதுவும் கெடுதல்தான். பின்பக்க ஆயில் சொட்டு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதற்கு சீல்தான் பார்க்க வேண்டும்.