பத்ரோலோகியா லத்தீனா 32, பத்தி 739: மேற்கோள் அகப்படவில்லை, அவசர உதவி தேவை

ஆய்வுமாணவி (மாலை 6.10)
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இம்மாதச் செய்திமடலில், பத்ரோலோகியா லத்தீனா (திருச்சபைத் தந்தையரின் லத்தீன் நூல்களைத் தொகுத்த பெருந்தொகுப்பு) தரவுத்தளத்தை இனி இணையவழியாகப் படிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இணைப்பைத் திறந்தால் அனுமதி இல்லை என்ற ஒற்றை வரிதான் வருகிறது. வேறு வழியின்றி 32ஆம் தொகுதியின் பழைய பதிப்பை இணையத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாகத் தரவிறக்கிப் பார்த்தேன். அதில் 739இல் நான் தேடும் வாக்கியம் இல்லை. தருக்கம் பற்றிய ஏதோ ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அத்தியாயத்தை ஒப்படைக்க வேண்டும். யாராவது உதவுங்கள்.

வைகைக்கரையான் (6.24)
சகோதரி, எந்த வாக்கியம் என்பதையே நீங்கள் சொல்லவில்லையே. எந்த நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டிலிருந்து திறந்தீர்களா வளாகத்திலிருந்தா, 739 என்ற எண் எங்கிருந்து கிடைத்தது, இவற்றையும் சொன்னால்தான் யாராலும் பதில் சொல்ல முடியும்.

கணினிக்கந்தன் (6.31)
அனுமதி மறுக்கப்படுவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். தரவுத்தளத்தை விற்கும் நிறுவனம் உங்களை ஆளாக அறிவதில்லை. எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது. வளாகத்துக்கு வெளியே இருந்தால், நூலகத்தின் இடைநிலைச் சேவையகம் வழியாகச் சென்றால்தான் அது உங்களைப் பல்கலைக்கழகத்தவராக ஏற்கும். கூகுளில் தேடி நேரடியாகத் திறந்தாலோ, முன்பு சேமித்து வைத்த இணைப்பைச் சொடுக்கினாலோ அந்த வழி தப்பிவிடும். நூலகத் தளத்தில் முதலில் உள்நுழைந்து, அங்குள்ள தரவுத்தளப் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள்.

சுவடிச்செல்வர் (6.40)
இங்கே இதே விஷயத்தை மூன்று முறை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இப்போதைய ஆய்வாளர்களிடம் இல்லாததால் நான்காம் முறையும் எழுத வேண்டியிருக்கிறது. ஜாக்-போல் மீஞ் பாதிரியார் 1844 முதல் 1855 வரை 217 தொகுதிகளாகவும், பிறகு அட்டவணைகளாக 4 தொகுதிகளாகவும் வெளியிட்ட பெருந்தொகுப்பு இது. 1868இல் அவருடைய பாரிஸ் அச்சகம் எரிந்து, அச்சு வார்ப்புகள் அழிந்தன. அதன்பின் கார்னியே நிறுவனத்தார் மறுபடி அச்சுக்கோத்து வெளியிட்ட பதிப்பில் சில தொகுதிகளின் எண்கள் மூலப் பதிப்போடு பொருந்துவதில்லை. தாங்கள் தரவிறக்கியது கார்னியே பதிப்பாகத்தான் இருக்கும். இதைக்கூட அறியாமல் முனைவர் பட்டத்துக்கு எழுதுவது வியப்பளிக்கிறது.

ஓய்வுபெற்ற நூலகர் (6.58)
செல்வர் ஐயா சொன்ன தீ விபத்து உண்மை. ஆனால் எண்கள் மாறியது சில தொகுதிகளில்தான்; முகப்புப் பக்கத்தின் ஆண்டைப் பார்க்காமல் பழியைக் கார்னியே மேல் போட வேண்டாம். அம்மா, இரண்டு காரியம் செய்யுங்கள். செய்திமடலை மீண்டும் ஒருமுறை முழுவதும் படியுங்கள். விலை அதிகமான தரவுத்தளங்களை நூலகங்கள் முதலில் சில வாரங்களுக்குச் சோதனையாகத்தான் பெறும். அந்த நாட்களில் வளாகத்துக்குள் இருந்து மட்டும் திறக்க முடியும் என்ற நிபந்தனை அறிவிப்பின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கும். நானே அப்படிப் பல அறிவிப்புகளை எழுதியிருக்கிறேன், கடைசி வரியை எவரும் படித்ததில்லை. அடுத்து, தரவிறக்கிய கோப்பில் 739ஆவது பக்கத்தின் தலைப்பகுதியில் அச்சிட்ட எண்கள் எவை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

லூவென் பழைய மாணவர் (7.15)
அச்சுத் தொகுதியையே எடுத்துப் பார்ப்பது நல்லது. பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் மீஞ் தொகுதிகள் அநேகமாக இருக்கும். பெல்ஜியத்தின் லூவெனாக இருந்தால் மட்டும் 32ஆம் தொகுதி பிரெஞ்சு வளாகத்துக்குப் போய்விட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 1968இல் மொழிச் சண்டையால் பல்கலைக்கழகத்தைப் பிரிக்க முடிவானபின், ஒற்றைப்படை எண்ணுள்ள நூல்கள் லூவெனிலும் இரட்டைப்படை எண்ணுள்ளவை பிரெஞ்சு வளாகமான லூவென்-லா-நூவ்விலும் என்று நூலகத்தையே பங்கு பிரித்தார்கள்.

சுவடிச்செல்வர் (7.22)
பிரித்தது, நூல் அலமாரியில் இருக்கும் இடத்தைக் காட்டும் அடுக்குக் குறியீட்டெண்ணைக் கொண்டு. தொகுதியின் எண்ணைக் கொண்டு அல்ல. ஒரு தொகுப்பு முழுவதற்கும் ஒரே குறியீட்டெண் இருந்தால் 32ஆம் தொகுதி மட்டும் எப்படி இரயில் ஏறிப் போகும்? அங்கே படித்தவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

லூவென் பழைய மாணவர் (7.30)
நான் படித்தது அறிவியல் துறையில், ஐயா. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை எரித்து, 1940 மே மாதத்தில் மறுபடியும் எரிந்த நூலகம் அது. மிஞ்சியதையும் சேர்த்ததையும் மனிதர்களே ஒன்று விட்டு ஒன்றாகப் பங்கு போட்டார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆய்வுமாணவி (7.48)
மன்னிக்கவும், பேருந்தில் இருந்தேன். ஐரோப்பாவில் படிக்கிறேன், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பொதுவில் சொல்ல விருப்பமில்லை. செய்திமடல் இணைப்பைக் கைப்பேசியில், விடுதியிலிருந்து திறந்தேன். கோப்பின் முகப்பில் மீஞ் பெயர்தான் இருக்கிறது. ஆண்டும் 1868க்கு முந்தையதுதான். 739 என்ற எண் எங்கள் ஊர்க் குருமடத்தில் எனக்கு லத்தீன் கற்பித்த அருள்தந்தை தந்த குறிப்பிலிருந்து எடுத்தது. அதில் "மறைக்கல்வி ஏடு காண்க, அகுஸ்தினார், மீஞ் 32, பத்தி 739" என்று மட்டும் இருக்கிறது. தீமை எங்கிருந்து வருகிறது என்று திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அந்த அகுஸ்தினார் கேட்கும் இடம் வேண்டும். கோப்பில் 739 என்று எண்ணிட்ட பத்தி எதுவும் இல்லாததால் 739ஆம் பக்கத்தைப் பார்த்தேன். தலைப்பகுதியில் இடப்புறம் 1437, வலப்புறம் 1438 என்று இருக்கிறது.

மறையுரை முத்து (7.55)
அப்படியானால் விடை எளிது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2865 பத்திகளாக எண்ணிடப்பட்டது. "மறைக்கல்வி ஏடு காண்க" என்றும் "பத்தி 739" என்றும் தந்தை எழுதியிருப்பதால், அந்த ஏட்டின் 739ஆவது பத்தியைத்தான் சொல்கிறார்.

வைகைக்கரையான் (8.02)
எடுத்துப் பார்த்தேன். 739ஆவது பத்தி தூய ஆவியையும் திருச்சபையையும் பற்றியது. தீமையின் பேச்சே அங்கு இல்லை.

மறையுரை முத்து (8.09)
தூய ஆவியைப் பற்றிய பகுதியில் தீமை மறைமுகமாக அடங்கும் அல்லவா?

ஓய்வுபெற்ற நூலகர் (8.20)
அடங்காது, முத்து. அந்த 1437, 1438 என்ற எண்களிலேயே விடை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எதற்காக இரண்டு எண்கள் என்று பாருங்கள் அம்மா. மீஞ் தொகுதிகளில் ஒவ்வொரு பக்கமும் செய்தித்தாளைப் போல இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எண்ணிட்டிருப்பது அந்தப் பத்திகளுக்கே, பக்கங்களுக்கு அல்ல. உங்கள் அருள்தந்தை எழுதிய "பத்தி", பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் அந்தப் பத்தி. நாம் கட்டுரையில் பிரிக்கும் பத்தி அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த குழப்பம் இது.

ஆகவே 739, 740 ஆகிய இரு பத்திகளும் ஒரே பக்கத்தில், ஏறக்குறைய 370ஆவது பக்கத்தில் வரும்; கோப்பின் முன்னால் உள்ள அட்டை, வெற்றுத்தாள்களுக்காகச் சில பக்கங்கள் தள்ளிப் பாருங்கள். இந்தத் தொகுதியில், நீங்கள் தேடும் வாக்கியம் உள்ள அகுஸ்தினாரின் ஒப்புதல்கள் என்ற நூல் 659ஆவது பத்தியில் தொடங்கி 868 வரை ஓடுகிறது. நீங்கள் திறந்தது அகுஸ்தினாரின் பெயரில் வழங்கினாலும் அவருடையவை அல்ல என்று ஒதுக்கப்பட்ட நூல்களின் பிற்சேர்க்கை. தருக்கம் வந்தது அதனால்தான்.

மறைக்கல்வி ஏட்டின் 385ஆவது பத்தியில் இந்த வாக்கியம் எடுத்தாளப்பட்டு, அடிக்குறிப்பில் 7, 7, 11 என்றும் கொடுக்கப்பட்டிருக்கிறது: ஏழாம் புத்தகம், ஏழாம் அதிகாரம், 11ஆம் எண். எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்த மூன்று எண்கள் மாறா. அதையே முதலில் எழுதி, மீஞ் எண்ணைப் பிறகு எழுதுங்கள்.

சுவடிச்செல்வர் (8.34)
எண் சரி. ஆனால் ஆய்வேட்டில் மீஞ் பதிப்பை மேற்கோள் காட்டுவதே தவறு. அதில் உள்ள அகுஸ்தினார் பாடம், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித மௌர் சபைத் துறவிகள் பதிப்பித்ததன் மறுஅச்சு. ஒப்புதல்கள் நூலுக்கு, லத்தீன் திருச்சபை எழுத்தாளர்களைப் பதிப்பிக்கும் வியன்னா வரிசையின் 33ஆம் தொகுதி 1896இல் வந்துவிட்டது. லத்தீன் கிறிஸ்தவத் தொகுப்பு வரிசையின் 27ஆம் தொகுதியாக வெர்ஹெய்யன் பதிப்பு 1981இல் வந்தது. பாட ஆராய்ச்சி செய்த பதிப்பு இருக்கும்போது மறுஅச்சை நாடுவது, கிணற்றை விட்டுக் குட்டையில் இறங்குவது போன்றது.

ஓய்வுபெற்ற நூலகர் (8.41)
ஆய்வேட்டுக்குப் பிந்தைய பதிப்புதான் முறை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்காக மீஞ் எண்ணை விட்டுவிடவும் முடியாது; நூறாண்டுக்கு மேலாக வந்த நூல்களின் அடிக்குறிப்புகள் அந்த எண்ணைச் சுட்டித்தான் பேசுகின்றன. லத்தீன் பாடம் உடனே வேண்டுமானால் ஆகுஸ்தினுஸ்.இட் என்ற இத்தாலியத் தளத்திலும், சூரிச் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கார்ப்போரும் தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

வைகைக்கரையான் (8.50)
இந்தக் குழப்பம் தீர ஒரு வழி இருக்கிறது. பள்ளிக் கணக்கில் அணிகளைப் படிக்கும்போது நிரை, நிரல் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம். அடிக்குறிப்பிலும் "நிரல் 739" என்று எழுதினால் என்ன?

கணினிக்கந்தன் (8.57)
கணினித் தமிழில் நிரல் என்றால் செயலியை இயக்கும் கட்டளைத் தொகுப்பு. விரிதாளில் நெடுவரிசை என்றுதான் மொழிபெயர்க்கிறோம்.

சுவடிச்செல்வர் (9.04)
பத்தி என்பதற்கு வரிசை என்பதே பழம்பொருள். கட்டுரைப் பிரிவுக்கு அச்சொல்லைக் கொடுத்தவர்கள்தான் வேறு சொல் தேட வேண்டும். தந்தை எழுதியது முற்றிலும் சரி.

ஆய்வுமாணவி (9.26)
கிடைத்துவிட்டது. கோப்பின் 390ஆவது பக்கம், இடப்புறப் பத்தி. 11 என்ற எண்ணுக்கு அருகிலேயே "குவாரேபாம் ஊந்தே மாலும், எத் நோன் எராத் எக்ஸித்தூஸ்" என்று இருக்கிறது. தீமை எங்கிருந்து என்று தேடினேன், எக்ஸித்தூஸ் இல்லை என்பது அதன் பொருள். அந்தக் கடைசிச் சொல்லை "விடை" என்று என் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். லத்தீனில் அது வெளியேறும் வழி என்பதால் "வழி காணவில்லை" என்று திருத்திவிட்டேன். நூலகர் ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி. அத்தியாயத்தை முடிக்கப் போகிறேன்.

கணினிக்கந்தன் (9.33)
மகிழ்ச்சி, சகோதரி. நூலகத் தளத்தில் உள்நுழைந்து திறந்து பார்த்தீர்களா? அனுமதி கிடைத்ததா, அல்லது நூலகர் ஐயா சொன்னபடி சோதனைக் காலமா?

வைகைக்கரையான் (9.41)
நெடுவரிசை என்பது ஓர் அடிக்குறிப்புக்கு மிக நீளம், கந்தன். "நெ. 739" என்று சுருக்கினால் எவருக்குப் புரியும்?

கணினிக்கந்தன் (மறுநாள் காலை 10.15)
சகோதரி, தரவுத்தளம் திறந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். இதே செய்திமடல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இன்னும் இருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.