செம்பு ராஜா வீட்டு போட்டோ

அபி: (போட்டோ) இன்னிக்கு அமெரிக்கால மான்டானா மாநிலத்துல ப்யூட்னு ஒரு செம்பு சுரங்க ஊருக்கு வந்திருக்கேன், இந்த வீட்டைப் பாருங்க 34 ரூமாம்

சுமதி சித்தி: அம்மாடியோவ் யாரு வீடுடி இது, இத்தனை ரூமையும் யாரு பெருக்குவா

அபி: வில்லியம் கிளார்க்னு ஒரு சுரங்க முதலாளி சித்தி, செம்பு ராஜான்னே பேரு. 1899ல செனட்டர் (நம்ம ராஜ்யசபா எம்பி மாதிரி) ஆகணும்னு எம்எல்ஏங்களுக்கு கவர் கொடுத்த ஆளு, அப்பல்லாம் செனட்டரை சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும்

பெரியப்பா: கவரா? அங்கயுமா?

அபி: ஒயிட்சைடுன்னு ஒரு மெம்பர் 30,000 டாலரை கவரோட கொண்டாந்து காட்டிட்டாரு, அப்படியும் கிளார்க்தான் ஜெயிச்சாரு 😂 வாஷிங்டன்ல விசாரணை வச்சாங்க, பதவி போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் 1900ல தானே ராஜினாமா. அந்த சமயம் பாத்து கவர்னர் ஊர்ல இல்ல, பொறுப்புல இருந்தவர் அதே காலி இடத்துக்கு இவரையே போட்டுட்டாரு!! கவர்னர் திரும்பி வந்து கேன்சல் பண்ணாரு

கார்த்தி: 1901ல மறுபடி செனட்டர் ஆயிட்டாரே அதையும் சொல்லு

பெரியப்பா: வெளங்கிரும்

அபி: இந்தக் கூத்தெல்லாம் பாத்து வெறுத்துப்போய்தான் 1912ல ஜனங்களே ஓட்டுப்போட்டு ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, வேட்பாளருக்கு ஆதரவாவோ எதிர்ப்பாவோ கம்பெனி காசு செலவழிக்கக் கூடாதுன்னு

சுமதி சித்தி: நல்ல சட்டம்தானே

கார்த்தி: 2012ல போச்சு சித்தி. 2010லயே சிட்டிசன்ஸ் யுனைடெட் கேஸ்ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4ன்னு சொல்லிருச்சு, கம்பெனி செலவு பண்ணி பிரசாரம் பண்றதும் பேச்சுரிமைதான்னு

பெரியப்பா: அப்ப வேட்பாளர் கைலயே கோடி கோடியா கொடுக்கலாமா

கார்த்தி: இல்ல பெரியப்பா, அது வேற. பெடரல் தேர்தல்ல, அதாவது ஜனாதிபதி, செனட் மாதிரி நாட்டுக்கான தேர்தல்ல, கைல கொடுக்கறதுக்கு 1907லேர்ந்தே தடை, இது வேட்பாளரோட பேசி வச்சுக்காம தனியா விளம்பரம் நோட்டீஸ்னு செலவு பண்றது

பெரியப்பா: பேசி வச்சுக்காம 🙄 நம்பிட்டேன்

அபி: மான்டானா கோர்ட்டும் உங்கள மாதிரிதான் பெரியப்பா, எங்க ஊர் கதையே வேற, நாங்க பட்டவங்கன்னு சொல்லி 2011 டிசம்பர் 30ல 5க்கு 2ன்னு சட்டம் செல்லும்னுட்டாங்க. 2012 ஜூன் 25 வாஷிங்டன்ல உச்ச நீதிமன்றத்துல அதை ரத்து பண்ணிட்டாங்க, வாய் வாதமே கேக்கல, நூறு வருஷக் கதைக்கு மொத்தமா ஒரு பக்க தீர்ப்பு. எனக்கு அதான் ஆறல

கார்த்தி: ஆனா ஒண்ணு, பத்திரிகையும் கம்பெனிதான், தொழிற்சங்கத்துக்கும் அதே தீர்ப்பால கதவு தொறந்துச்சு, யார வாய மூடச் சொல்லுவ

அபி: அண்ணா சுரங்கக்காரனும் சங்கமும் ஒரே தராசா

பெரியப்பா: மான்டானால எதிர்த்து எழுதின ரெண்டு பேரு என்ன சொன்னாங்க

அபி: நெல்சன்னு ஒரு நீதிபதி, கம்பெனிய மனுஷனா நடத்துறது அவருக்கும் சுத்தமா பிடிக்கல, நல்லா திட்டி எழுதிட்டு ஆனாலும் மேல் கோர்ட் சொன்னா நான் கட்டுப்படணும்னு சட்டத்துக்கு எதிரா நின்னுட்டாரு

பெரியப்பா: 31 வருஷம் கோர்ட்டுல கட்டு தூக்கினவன் நானு, அந்த மனுஷன் அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்கிருப்பார்னு எனக்குத் தெரியும்

சுமதி சித்தி: அதெல்லாம் இருக்கட்டும், செம்பு ஊருன்னியே ஒரு சொம்பு வாங்கிட்டு வாடி

அபி: சரி சித்தி 😂 பில்லோட