அப்பாவின் பார்க்கின்சன் மாத்திரை ஐந்து வாரமாக வேலை செய்யவில்லை: அளவைக் கூட்டலாமா?

மேலூர் மகள்:
அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபா–கார்பிடோபா 110 மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு வேளை: காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7. காலையில் ராசாஜிலின் 1 மி.கி. ஒன்று. பொங்கல் வரைக்கும் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து நாளிதழ் படித்தவர். ஐந்து வாரமாக ஆளே மாறிவிட்டார்.

முன்பெல்லாம் மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகிவிடும். இப்போது ஒன்றரை மணி நேரம் ஆனாலும் மரக்கட்டை போல உட்கார்ந்திருக்கிறார். சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. நேற்று நான் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அதுவரை 11 மணி மாத்திரையை ஒன்றரையாக்கிக் கொடுக்கலாமா? நோய் முற்றிவிட்டது என்கிறாள் அத்தை.

பழைய மருந்தாளுநர்:
கூட்டாதீர்கள் அம்மா. பார்க்கின்சன் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் நோய். ஐந்து வாரத்தில் ஒருவர் இப்படிச் சரிந்தால் முதலில் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் உண்டா? மலச்சிக்கல் எப்படி? முக்கியமாக, பொங்கலுக்குப் பிறகு புதிதாக என்னென்ன மாத்திரை சேர்ந்தது? வாயுவுக்கு, தலைச்சுற்றலுக்கு, வாந்திக்கு என்று சாதாரணமாக எண்ணி விழுங்குபவற்றையும் விடாமல் எழுதுங்கள். பெயரை நினைவிலிருந்து எழுத வேண்டாம், அட்டையைத் திருப்பிப் பார்த்து எழுதுங்கள்.

மேலூர் மகள்:
காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லை ஐயா. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, அது பழையது. இரத்தம் குறைவு என்று ஒரு இரும்புச்சத்து மாத்திரை, காலை 7 மணிக்கு எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுக்கிறேன். பொங்கல் முடிந்து வயிறு உப்புசம், ஏப்பம் என்று தெருமுனை மருத்துவரிடம் போனோம். அவர் எழுதிய காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் கொடுத்து வருகிறேன். அட்டையில் ராபெப்ரசோல் 20, லெவோசல்பிரைடு 75 என்று இருக்கிறது. இதிலும் ‘லெவோ’ இருப்பதால் அப்பாவின் மாத்திரைக்கு உறவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய மருந்தாளுநர்:
நான் தேடியது இதைத்தான். ‘லெவோ’ என்பது மூலக்கூறின் இடப்பக்க வடிவத்தைக் குறிக்கும் முன்னொட்டு, அவ்வளவே. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிகள். லெவோடோபா மூளைக்குள் போய், பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறுகிறது. லெவோசல்பிரைடு அந்த டோபமைன் உட்கார வேண்டிய ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. வந்த விருந்தாளிக்கு நாற்காலி இல்லை. பார்க்கின்சன் இல்லாத முதியவர்களுக்கே இந்த மருந்தால் நடுக்கமும் விறைப்பும் வருவதுண்டு. நம் ஊரில் அமிலம் குறைக்கும் மருந்தோடு ஒரே காப்ஸ்யூலில் சேர்த்து வாயுத் தொல்லைக்குத் தாராளமாக எழுதுகிறார்கள். முப்பது ஆண்டு கடையில் நின்றவன், எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

12 நாள் காத்திருக்க வேண்டாம். இன்றே நரம்பியல் மருத்துவரின் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, இந்தக் காப்ஸ்யூலை நிறுத்தக் கேளுங்கள். அந்தப் பதற்றத்தில் லெவோடோபாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று, இரும்புச்சத்து குடலிலேயே லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

காவிரிக்கரை:
பூனைக்காலி விதைப் பொடி கொடுத்துப் பாருங்கள் சகோதரி. இயற்கையானது, பக்க விளைவு கிடையாது. என் பெரியப்பா எழுந்து நடந்தார்.

இரவுப்பணி செவிலியர்:
பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதான். பெரியப்பா நடந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையின் மேல் அதையும் ஏற்றினால் கை கால் தானாக நெளியும், குமட்டும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மேலூர் அக்கா, அப்பா ராசாஜிலின் எடுப்பதால் இதையும் குறித்து வையுங்கள்: வறட்டு இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், வலிக்கு டிரமடால், பெத்திடின் இவை கூடாது. வாந்தி என்று எங்கேயாவது சேர்த்தால் லெவோசல்பிரைடு போலவே டோபமைனை மறிக்கும் மெட்டோகுளோபிரமைடு ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது என்பதால் பெரும்பாலும் அதைத் தருவார்கள், அதையும் இதயம் சரியாக இருக்கிறதா என்று ஈசிஜி பார்த்துவிட்டு. தலைச்சுற்றலுக்கு எழுதும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டும் லெவோசல்பிரைடின் கூட்டாளிகள்தாம்.

மேலூர் மகள் (மூன்று வாரம் கழித்து):
அன்று மாலையே தொலைபேசியில் பேசி, காப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார்கள். வயிற்றுக்கு வெறும் பான்டோபிரசோல். இரும்பு மாத்திரை இரவு 10 மணிக்கு மாறியது. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, அத்தை சொன்னதே சரியோ என்று அழுதேன். பத்தாம் நாள் காலை சட்டையின் மேல் இரண்டு பொத்தானை அப்பாவே போட்டார். நிலைப்படியில் இன்னும் தயங்குகிறார். தரையில் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டச் சொன்னார்கள், அதைப் பார்த்துக் காலைத் தூக்கி வைக்கிறார். அளவைக் கூட்டவே இல்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. 3 மணி மாத்திரை மட்டும் சில நாள் எடுபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் எடுபடாது.

பழைய மருந்தாளுநர்:
ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன சமையல், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?

மேலூர் மகள்:
ஆட்டுக்கறிக் குழம்பு. எல்லோரும் வந்து உட்கார இரண்டரை ஆகிவிடும்.

பழைய மருந்தாளுநர்:
கறியின் புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே பாதைக்கு முண்டியடிக்கின்றன. அப்பாவுக்கு மட்டும் ஒரு மணிக்கே சோறு போட்டுவிடுங்கள். கறியை நிறுத்த வேண்டாம், மெலிந்துபோவார். அதற்கும் சரிவரவில்லை என்றால், புரதத்தை இரவுக்குத் தள்ளலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

மேலூர் மகள்:
ஒரு மணிக்குத் தனியாகச் சாப்பிடச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நானும் அவரோடு உட்கார்ந்துவிடுகிறேன் ஐயா.