ஆர்.பி.ஜி: ஆட் வரியை ஃப்ரீ ஃபார்மட்டுக்கு மாற்றியதும் இரவு ஜாப் நிற்கிறது

ராக்கோழி: ஐ.பி.எம் ஐ 7.4 (ஐ.பி.எம் சர்வரின் ஓ.எஸ்). ஆர்.பி.ஜி என்ற புரோகிராம் மொழியின் பழைய வடிவமான ஆர்.பி.ஜி 3-ல் இருந்த புரோகிராமை சி.வி.டி.ஆர்.பி.ஜி.எஸ்.ஆர்.சி கட்டளையால் ஆர்.பி.ஜி 4-க்கு மாற்றினேன், ஓடியது. பிறகு கணக்கு வரிகளைக் கையால் ஃப்ரீ ஃபார்மட்டாக்கினேன் (காலம், அதாவது column, பார்த்து எழுதத் தேவையில்லாத வடிவம்). இப்போது ஆர்.என்.கியூ 0103 (விடை ஃபீல்டில் அடங்கவில்லை என்ற எரர்) வந்து, எம்.எஸ்.ஜி.டபிள்யூ-வில், அதாவது பதிலுக்குக் காத்து, நிற்கிறது. மொத்தம் என்பது 7 இலக்கம், அதில் 2 தசமம். முன்பு பில் தொகையை ஆட் போட்டுச் சேர்த்தது; இப்போது "மொத்தம் += பில்தொகை". இரண்டும் ஒன்றுதானே?

பச்சைத்திரை: கூட்டல் ஒன்றுதான். இடம் போதாதபோது நடப்பதுதான் வேறு. அந்த ஃபீல்டில் 99,999.99 வரைதான் அடங்கும். 99,800-உடன் 500 சேர்த்தால் 1,00,300. கம்பைல் செய்யும்போது டிரங்க்.என்.பி.ஆர் (அடங்காத இலக்கத்தை வெட்டும் ஆப்ஷன்) இயல்பாகவே எஸ் என்று இருப்பதால், ஆட் முன்னால் உள்ள 1-ஐ வெட்டிவிட்டு 300 என்று எழுதிப் பேசாமல் போய்விடும். "+=" போன்ற எக்ஸ்பிரஷனுக்கு அந்த ஆப்ஷன் பொருந்தாது, எப்போதும் எரர்தான். மானிட்டர் (எரரைப் பிடிக்கும் பிளாக்) போட்டு அதை அடக்காதீர்கள்.

முதலில் ஃப்ரீ ஆக்காத சோர்ஸை டிரங்க்.என்.பி.ஆர் நோ என்று கம்பைல் செய்து, டெஸ்ட் லைப்ரரியில் போன மாத டேட்டாவை ஓட்டுங்கள். ஆட் வரியில் நின்றால் போன மாத ரிப்போர்ட்டே தப்பு. அக்கவுண்ட்ஸுக்குச் சொல்லியாக வேண்டும்.

புரோகிராமுக்குள் மட்டும் இருக்கும் வெறும் ஒர்க் ஃபீல்டு என்றால் 11,2 (11 இலக்கம், அதில் 2 தசமம்) ஆக்குங்கள், பிரின்டர் ஃபைலில் அதன் காலத்தையும் (column) அகலமாக்குங்கள். ஃபைலில் உள்ள ஃபீல்டு என்றால் டி.டி.எஸ் (ஃபைலின் அமைப்பைச் சொல்லும் சோர்ஸ்) மாற்றி, அந்த ஃபைலைத் தொடும் எல்லாப் புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். விட்டுப்போனது சி.பி.எஃப் 4131-ல் விழும்; ஃபைலின் அமைப்பும் புரோகிராமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் லெவல் செக்கின் எரர் அது. அப்போது லெவல் செக்கை அணைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

நாலாங்காலம்: ஒரு விதிவிலக்கு. வவுச்சர் எண் 9999-க்குப் பிறகு 0000 ஆக வேண்டும் என்றே சிலர் அந்த வெட்டலை நம்பி எழுதியிருப்பார்கள். அங்கே அகலமாக்கினால் கெட்டது. "எண் = %ரெம்(எண் + 1 : 10000)" என்று, 10000-ஆல் வகுத்த மீதியாக, வெளிப்படையாக எழுதுங்கள்.

ராக்கோழி: ஒர்க் ஃபீல்டுதான், 11,2 ஆக்கினேன், ஓடுகிறது. மிச்சம் 40 புரோகிராமையும் இப்படியே மாற்றிவிடவா?

பச்சைத்திரை: வேண்டாம். சி.வி.டி.ஆர்.பி.ஜி.எஸ்.ஆர்.சி வரைக்கும் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், போதும். மாற்றிய சோர்ஸ் போய்ச் சேரும் ஃபைலின் ரெக்கார்டு நீளம் 112 இருக்கட்டும். இயல்பான 92-ல் விட்டால் 81-ஆம் காலம் (column) முதல் உள்ள கமென்ட் போய்விடும். வேறு வேலைக்காகத் திறக்கும் ரொட்டீனை மட்டும் ஃப்ரீ ஆக்குங்கள். ஒரே சோர்ஸில் இரண்டும் கலந்திருக்கலாம். முதல் வரியில் இரட்டை நட்சத்திர ஃப்ரீ போட்டால்தான் கலக்க முடியாது.

நாலாங்காலம்: ஆட்-ஐவிட மூவ், மூவ்எல் (ஃபீல்டுக்கு ஃபீல்டு நகலெடுக்கும் கட்டளைகள்; மூவ்எல் இடப்பக்கத்திலிருந்து) ஆபத்து. ஃப்ரீயில் இரண்டும் கிடையாது. வெற்றிடம் நிறைந்த எழுத்து ஃபீல்டை எண்ணுக்கு மூவ் செய்தால் 0 வரும். அதையே %டெக்கில் (எழுத்தை எண்ணாக்கும் ஃபங்ஷன்) கொடுத்தால் 0105 எரர். நீளமான ஃபீல்டுக்கு மூவ்எல் செய்தால் வலப்பக்கம் பழையது அப்படியே இருக்கும். ஃப்ரீயில் "=" போட்டு எழுதும் ஈவல் அங்கே வெற்றிடம் நிரப்பிவிடும். எரர் வராது, டேட்டா மட்டும் மாறியிருக்கும். பி எக்ஸ்டெண்டர் (மிச்ச இடத்தில் வெற்றிடம் நிரப்பச் சொல்லும் குறி) போட்ட மூவ்எல்லை, இரு பக்கமும் எழுத்து ஃபீல்டாக இருந்தால், அப்படியே ஈவல் ஆக்கலாம்.